மிரிஸ்ஸாவா, திருகோணமலையா, கற்பிட்டியா? வேலூரிலிருந்து திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மே மாத லீவில் குடும்பத்தோடு இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸா போய்த் திமிங்கலம் பார்த்துவிட்டு வரலாமா என்று எங்கள் வேலூர்ப் பக்கம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்கு என் பதில்: மே மாதம் மிரிஸ்ஸா வேண்டாம், திருகோணமலைக்குப் போங்கள். மிரிஸ்ஸாதான் வேண்டும் என்றால் அரையாண்டுப் பரீட்சை லீவுக்கோ பொங்கலுக்கோ தள்ளிவையுங்கள். பேக்கேஜ் விற்கிற டிராவல்ஸ்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. விளம்பரப் படத்தில் வருடம் முழுக்க மிரிஸ்ஸா கடல் நீலமாகத்தான் இருக்கிறது.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் அதற்கு இரண்டு பருவமழை, இரண்டு கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கரையையும் மேற்குக் கரையையும் அடிக்கும். மிரிஸ்ஸாவும் கற்பிட்டியும் அந்தப் பக்கம். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ஏரிகளை நிரப்புகிற அதே மழைதான் திருகோணமலைக் கடலையும் கலக்குகிறது. எனவே எந்த ஊர் அழகு என்று பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

நம் கரையிலேயே பார்க்க முடியாதா என்பது நியாயமான கேள்வி. நம் கடலிலும் திமிங்கலங்கள் உண்டு. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மணப்பாடு கடற்கரையில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவற்றைப் பார்க்கவென்று தினமும் படகு விடுகிற ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பெரிய திமிங்கலத்துக்கு ஆழம் வேண்டும். பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். இலங்கையின் தெற்கு முனையில், தேவேந்திரமுனைக்கு எதிரே, கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடலடித் தரை சட்டென்று இறங்கிப் போய்விடுகிறது. திருகோணமலையிலோ துறைமுகத்தின் வாய்க்கே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று வந்து நிற்கிறது. அதனால்தான் காலையில் படகேறி மதியத்துக்குள் திமிங்கலம் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிறது. டால்பின் பார்த்தால் போதும், பாஸ்போர்ட் எடுக்கிற வேலை வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒடிசாவின் சிலிகா ஏரி இருக்கிறது. சதபாடாவில் படகேறினால் இராவதி டால்பின்களைப் பார்க்கலாம். அதுவும் நல்ல பயணம்தான், ஆனால் அதையும் திமிங்கலத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி மிரிஸ்ஸா. நீலத் திமிங்கலத்தைப் பார்த்தே ஆக வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றால் இதுதான் ஊர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். பிப்ரவரி, மார்ச்சில் கடல் மிகவும் அமைதி. உலகத்தின் மற்றக் கடல்களில் நீலத் திமிங்கலம் இரை தேடத் துருவப் பக்கக் குளிர்கடலுக்குப் போய், குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். இலங்கையைச் சுற்றியிருக்கும் கூட்டம் அப்படிப் போவதில்லை. வட இந்தியப் பெருங்கடலிலேயே தின்று, இங்கேயே குட்டி போட்டு, இங்கேயே வாழ்கிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். அவர் ஆராய்ச்சி தொடங்கிய இடமும் இந்தத் தெற்குக் கடல்தான்.

காலை ஆறு, ஆறரைக்கு மிரிஸ்ஸா மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகுகள் கிளம்பும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். பிறகு தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண் எழும்பும். நீலத் திமிங்கலம் மூச்சு விட்டால் அது ஒன்பது மீட்டர் வரை நேராக மேலே போகும். பக்கத்தில் இருந்தால் அந்த மூச்சின் சத்தமும் கேட்கும். முதலில் தெரிவது முதுகு. சாம்பல் நீலத்தில், திட்டுத் திட்டாக, முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். தலை போய், முதுகு போய், இன்னும் போய், கடைசியில்தான் அந்தச் சின்ன முதுகுத் துடுப்பு வரும். காட்பாடி ஜங்ஷனில் நிற்கிற எக்ஸ்பிரஸ் ரயிலின் ஒரு பெட்டி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு, முதுகை வில்லாக வளைத்து, வாலைத் தூக்கி உள்ளே போகும். அது மறைந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய் தடவியது மாதிரி கொஞ்ச நேரம் வழவழவென்று கிடக்கும். பத்து நிமிடம் போல ஆகும், மறுபடி வர.

மிரிஸ்ஸாவின் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு திமிங்கலம் எழும்பினால் போதும், நாலா பக்கமிருந்தும் படகுகள் அதை நோக்கி ஓடும். இலங்கை அரசு 2012-ல் கொண்டுவந்த விதிப்படி 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. எல்லாப் படகும் அதை மதிப்பதில்லை. மூச்சு வாங்க வந்த உயிரை மூச்சு வாங்க விடாமல் விரட்டுவது கொடுமை. 1960களில் சோவியத் கப்பல்கள் இந்த வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றிருக்கின்றன. மிஞ்சியவற்றின் வழியில்தான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று தேவேந்திரமுனையை உரசிக்கொண்டு போகிறது. கப்பல் மோதிச் சாகும் திமிங்கலங்கள் அங்கே உண்டு. கண்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-ல் தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது பெரிய விஷயம். அவ்வளவு பெரிய கப்பலே விலகிப் போகும்போது, பார்க்கப் போகிற நாம் விலகி நிற்கக் கூடாதா?

ஆகவே மிரிஸ்ஸாவில் ஓட்டலைவிடப் படகைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை. முந்தின நாள் மாலையே துறைமுகத்துப் பக்கம் போய் நேரில் பேசுங்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், என்ஜினை அணைப்பீர்களா, எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். “ரொம்பக் கிட்டே கொண்டுபோய்க் காட்டுகிறேன்” என்று சொல்கிற படகை விட்டுவிடுங்கள். தூரம் காத்து, திமிங்கலத்தின் பக்கவாட்டில் மெதுவாக ஓட்டி, என்ஜினைத் தணித்து நிற்கிற படகில்தான் உண்மையில் அதிக நேரம் பார்க்கலாம். விரட்டினால் அது சீக்கிரம் முங்கிவிடும். தண்ணீரில் இறங்கித் திமிங்கலத்தோடு நீந்த வைப்பதாக யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். திமிங்கலம் தென்படாவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போகிற படகுகள் சில உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி மிரிஸ்ஸா முழுக்கச் சுற்றுலாப் பயணிகளின் ஊர். தென்னை நிற்கிற குன்று, அலைச்சறுக்கு கற்றுத் தருகிற வெலிகமக் கடற்கரை, அரை மணி, முக்கால் மணியில் காலிக் கோட்டை. ஆங்கிலம் போதும். சாப்பாட்டில் மீன்தான் ராஜா. சைவம் சாப்பிடுகிறவர்கள் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல் என்று சமாளிக்கலாம், சிரமமில்லை.

திருகோணமலை வேறு மாதிரி. அங்கே இறங்கியதும் பேச்சு நம் பேச்சு. படகுக்காரரிடம், முச்சக்கர வண்டிக்காரரிடம், சைவக் கடை முதலாளியிடம் எல்லாம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் திமிங்கலம் இரண்டாவது காரணம்தான். சம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் முதல் காரணம். 1622-ல் போர்த்துக்கீசியர் இடித்த கோயில், பிறகு அதே சுவாமி மலையில் திரும்ப எழுந்து நிற்கிறது. கோட்டை வாசலுக்குள் நுழைந்து, புள்ளிமான்கள் மேய்கிற பாதை வழியாக ஏறினால் உச்சியில் சன்னதி. கீழே செங்குத்தாகக் கடல். அந்தப் பாறையிலிருந்தே சில நாட்களில் தூரத்தில் திமிங்கலத்தின் மூச்சு தெரியும். பருவத்தில் பைனாகுலர் கொண்டுபோனால் வீண்போகாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

இங்கே பருவம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. நீலத் திமிங்கலமும் வரும், ஸ்பெர்ம் திமிங்கலமும் வரும். இந்தக் கடலில் நீலத் திமிங்கலங்கள் இருப்பது 1980களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சிக் கப்பல் வந்து பதிவு செய்த விஷயம். அடுத்து வந்த போர் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2009-க்குப் பிறகுதான் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் சுற்றுலாப் படகுகள் நிம்மதியாக ஓடத் தொடங்கின. அதனால் மிரிஸ்ஸா அளவுக்குப் படகு நெரிசல் கிடையாது. ஒரு திமிங்கலத்தைச் சுற்றி இரண்டு மூன்று படகு நின்றாலே அதிகம்.

ஆனால் பார்த்தே விடலாம் என்ற உறுதி மிரிஸ்ஸாவின் பிப்ரவரியில் இருக்கும் அளவுக்கு இங்கே இல்லை. இன்னொன்று, படகு. மிரிஸ்ஸாவில் இரண்டடுக்குப் பெரிய படகுகள், கழிப்பறையோடு. திருகோணமலையில் பெரும்பாலும் மீன்பிடிக்கிற ஃபைபர் படகுதான். மேலே துணிக்கூரை இருந்தால் அதிர்ஷ்டம். கழிப்பறை இல்லை. மூன்று, நான்கு மணி நேரம் அதில் உட்கார வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள். அலையில் சின்னப் படகு தூக்கிப் போடுவது முதுகுத் தண்டில் நேராக இறங்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை அன்று காலை கோணேஸ்வரத்துக்கு அனுப்பிவிட்டு இளையவர்கள் மட்டும் படகேறுவதுதான் நல்லது. மொத்தக் குடும்பமும் கடலில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கு மிரிஸ்ஸாவின் பெரிய படகுதான் சரி. இந்த ஒரு காரணத்துக்காகவே பயணத்தை மேயிலிருந்து ஜனவரிக்குத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

மே மாதத்துத் திருகோணமலையில் வெயில் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் நாற்பது டிகிரி பார்த்தவர்களுக்குக் கடல்காற்றோடு வருகிற அந்த வெயில் பொறுக்கக் கூடியதுதான். படகில் மட்டும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் முகத்தைக் கருக்கிவிடும். பிள்ளைகளுக்குப் புறாத்தீவு போனஸ். நிலாவெளியிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். முகமூடி போட்டு மிதந்தால் பவளப் பாறையும், கரையோரம் சுற்றுகிற சின்னச் சுறாக்களும் தெரியும். அவை ஒன்றும் செய்யாது. பவளத்தின் மேல் மட்டும் காலை வைத்துவிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புத்தளத்துக்கு மேலே நீண்டு கிடக்கும் தீபகற்பம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். இங்கே நட்சத்திரம் டால்பின். சுழன்று சுழன்று குதிக்கிற ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக வரும். பிள்ளைகள் கத்திக் கூச்சலிட்டுப் பார்க்கிற காட்சி அதுதான். பருவத்தின் பிற்பாதியில் ஸ்பெர்ம் திமிங்கலமும் வரலாம். அதன் மூச்சு நேராக எழாது, முன்பக்கம் இடது சாய்வாகப் பீறிடும். அந்தச் சாய்வை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம். ஒருமுறை முங்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது, பொறுமை வேண்டும். செய்தித்தாளில் அம்பர்கிரிஸ் பிடிபட்டது என்று அடிக்கடி படிக்கிறோமே, அது இந்தத் திமிங்கலத்தின் குடலில் உருவாவதுதான். யாராவது மலிவாகத் தருகிறேன் என்று காட்டினால் தொடாதீர்கள். நம் வன உயிரினச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். கற்பிட்டியிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் ஊர் அமைதி, கடைகள் குறைவு, டால்பின் பார்த்த பிறகு பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்களை வேடிக்கை பார்ப்பதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் டிசம்பர் லீவில் கொழும்பு வழியாகப் போகும்போது இங்கே இரண்டு இரவு தங்கலாம். இதற்காகவே இலங்கை போக வேண்டாம்.

போகிற வழி. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே டாக்ஸி பிடிப்பதுதான் வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பெங்களூரையும் பார்க்கலாம். ஆனால் அங்கே விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி நகரத்தைத் தாண்டி இருப்பதால் நேரம் மிச்சமாகாது. சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து மிரிஸ்ஸாவுக்கு அதிவேகச் சாலையில் மூன்று மணி நேரம் போல. அவசரமில்லாதவர்கள் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறை ரயிலில் கடலை ஒட்டியே போகலாம், ஜன்னல் சீட்டு கிடைத்தால் அதுவே ஒரு பயணம். திருகோணமலைக்குக் கொழும்பிலிருந்து சாலையில் ஆறு மணி நேரம், இல்லையென்றால் இரவு ரயில். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் பறந்து யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு, நல்லூரில் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸில் தெற்கே இறங்குவது எனக்குப் பிடித்த வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் இருக்கிறது. ஆனால் கடலும் காற்றும் சரியில்லாவிட்டால் அது நின்றுவிடும். திரும்பி வேலைக்குச் சேர வேண்டிய தேதி கறாராக இருக்கிறவர்கள் விமானத்தையே நம்புங்கள்.

இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்ற இணைய அனுமதியை அரசின் சொந்தத் தளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கே பல கடைகளில் வேலை செய்கிறது, படகுக்காரருக்கு மட்டும் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு, மே மாதப் பௌர்ணமியில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை. இரண்டுக்கும் கொழும்பே கிளம்பி நிலாவெளிக்கு வந்துவிடும், அறை வாடகை ஏறும். அந்த வாரங்களை விட்டுத் தேதி போடுங்கள்.

மிரிஸ்ஸா போகிற வேலூர்க்காரர்கள் ஒரு நாளைக் கண்டிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-ல் பிடித்த ஆங்கிலேயர் நம் கோட்டைக்குள்தான் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடமான முத்து மண்டபத்தைத் தாண்டித் தாண்டி நடமாடுகிற நாம், அவர் ஆண்ட ஊரையும் அரண்மனையையும் ஒருமுறை பார்ப்பது பொருத்தம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு, கோடை லீவில், திருகோணமலை. திமிங்கலம் தென்படாமல் போனாலும் அந்தப் பயணம் வீணாகாது. ரிடையர் ஆனவர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட தம்பதிகள், பள்ளிக் கணக்கு பார்க்கத் தேவையில்லாத இளைஞர்கள் பிப்ரவரியில் மிரிஸ்ஸா போங்கள். அதைவிட நல்ல நேரம் கிடையாது. எதுவாக இருந்தாலும் படகுக்கு முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், காலையில் வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது சாப்பிட்டு, வாந்தி வருகிற உடம்பாக இருந்தால் டாக்டரைக் கேட்டு மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். படகில் செல்போனைக் குனிந்து பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கே படகைப் பேசி, அடுத்த ஒரு காலையைக் காலியாக விட்டுவையுங்கள். காற்று மாறிப் படகு கிளம்பாவிட்டால் அந்த இரண்டாவது காலை கைகொடுக்கும்.